படிவத்தில் இல்லாத கானா

"அறுபத்தைஞ்சு தையிலயிருந்து எழுபத்துமூண்டு ஆடி வரைக்கும் இந்தக் கட்டத்துக்குள்ள என்னத்தை அடிக்க, அக்கா?"

தட்டெழுத்துப் பொறியில் விரல்களை வைத்தபடியே சந்திரகலா கேட்டாள். 1974 மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அது. மெல்பேர்ணின் தென்கிழக்கே, ஸ்பிரிங்வேலில், சச்சிதானந்தனின் வீட்டுக் குசினி. பொறியில் ஆசிரியர் பதிவுக்கான விண்ணப்பப் படிவம் ஏறியிருந்தது. எதிர்க் கதிரையில் விண்ணப்பம் செய்பவளான பவளம் இருந்தாள்.

"கானா எண்டு அடி," என்றாள் பவளம். "கொஃபொரிடுவா, மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். பாடம் பூமிசாத்திரம்."

"பொறு, பொறு. கலா, அடியாதை," என்று தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சச்சிதானந்தன் ஈரக் கையோடு திரும்பினார்.

அவர் பவளத்தின் பெரியப்பா மகன். பொறியியல் படிக்க வந்து, வேலையோடு இந்த நாட்டில் தங்கிவிட்டவர். மார்கழியில் வந்திறங்கிய பவளமும் அவள் கணவர் தேவராஜாவும் அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார்கள். சந்திரகலா சச்சிதானந்தனுடைய மனைவியின் தங்கை, இருபத்திரண்டு வயது. காப்புறுதி அலுவலகமொன்றில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்தில் தமிழிலும் இங்கே ஆங்கிலத்திலும் படித்தவள், இரண்டு மொழியிலும் குறைவாகவே பேசுவாள்.

"ஏன் அண்ணை, என்ன?" என்றாள் பவளம்.

"உனக்கு இந்த நாட்டைத் தெரியாது. எங்கட நிறத்து ஆக்களுக்கு இவங்கள் கதவைத் திறந்தே இன்னும் வடிவா ஒரு வருசமாகேல்லை. ஆபிரிக்காவில படிப்பிச்சனான் எண்டு எழுதினால், மரத்துக்குக் கீழயோ படிப்பிச்சனீ எண்டு கேப்பாங்கள்."

"மரத்துக்குக் கீழ இல்லை. ரெண்டு மாடிக் கட்டடம். நூலகம் எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தை விடப் பெரிசு."

"அது உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமோ? யாழ்ப்பாணத்தில ட்ரெயின்ட் ரீச்சர், லண்டன் சோதினை பாஸ். அது காணும். காட்டுக்கை இருந்து வந்தவள் எண்டு நீயே கையெழுத்து வைச்சுக் குடுக்கப்போறியோ?"

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து தேவராஜா சொன்னார்: "நான் என்ர வேலைப் படிவத்தில கானா எண்டுதான் எழுதினனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"நீர் அணைக்குப் படம் கீறுற ஆள், மச்சான். அணை எங்க கட்டினாலும் அணைதான். படிப்பு அப்பிடியில்லை."

"அப்ப அந்த எட்டரை வருசத்துக்கும் என்னத்தை எழுதிறது?" என்று பவளம் கேட்டாள்.

"வீட்டு வேலை எண்டு எழுது. ஹோம் டியூட்டீஸ். இஞ்ச பொம்பிளையள் எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை. பொய்யோ? நீ வீட்டில சமைக்கேல்லையோ?"

சச்சிதானந்தன் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். சந்திரகலா சிரிக்கவில்லை. "அடிக்கட்டோ, அக்கா?" என்றாள்.

பவளம் எட்டி அந்த வெறும் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு, "அடி," என்றாள்.

பொறி இரண்டு சொற்களை அடித்தது. அதற்கு மூன்று விநாடி கூட ஆகவில்லை.

அன்றிரவு பவளம் அண்ணன்மீது கோபப்படவில்லை. அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். தான் ஏன் தலையாட்டினாள் என்பதையே யோசித்துக்கொண்டு கிடந்தாள். 1969இல் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனபோது, ஒரு கல்யாண வீட்டில், "எங்க பிள்ளை இப்ப படிப்பிக்கிறாய்?" என்று யாரோ கேட்டார்கள். "வெளிநாட்டில," என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். இங்கிலாந்து என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. படிவத்தில் விழுந்த பொய் ஐந்து வருடங்களுக்கு முன்பே அந்தப் பந்தலுக்குக் கீழே தொடங்கிவிட்டது.

சித்திரையில் பதில் வந்தது. மரியாதையான ஆங்கிலம். விண்ணப்பதாரியின் பயிற்சியும் தகைமையும் ஏற்கப்படுகின்றன. ஆனால் அவர் ஒன்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கவில்லை. எனவே ஒரு முழு ஆண்டு மறுபயிற்சி பெற்ற பின்னரே பதிவு செய்ய முடியும்.

அதைக் குசினியில் நின்றபடியே வாசித்தாள். அந்த நாட்களில் அவள் பக்கத்து ஊரான டாண்டினோங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கழுத்துப்பட்டிகள் நேராக இருக்கின்றனவா, பொத்தான்கள் எட்டும் இருக்கின்றனவா என்று பார்த்து ஒரு பக்கம் அடுக்கும் வேலை. பக்கத்து இருக்கைக் கிரேக்கப் பெண்ணும் ஊரில் பள்ளி ஆசிரியைதான். "ஒரு வருசம் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன்," என்று அவள் சொல்லியிருந்தாள். வந்து பதினொரு வருடமாகியிருந்தது.

அந்தப் பதினொன்று பவளத்தை உலுக்கியது. வீட்டுக்கு அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு நேரே போய்த் தலைமை ஆசிரியரைக் கண்டாள். அவருடைய புவியியல் ஆசிரியர் ஆவணியோடு விலகுகிறார். நாடு முழுக்க ஆசிரியர் தட்டுப்பாடு. "மூன்றாம் தவணை தொடங்குமுன் பதிவு இலக்கத்தோடு வாருங்கள். அந்த வகுப்புகள் உங்களுடையவை. அதற்கு மேல் என்னால் இடத்தை வைத்திருக்க முடியாது," என்றார். புரட்டாசி முதல் வாரம் தவணை தொடங்கும். கையில் நாலு மாதம் இருந்தது.

அன்றே கொஃபொரிடுவாவுக்குக் கடிதம் எழுதினாள்.

கொஃபொரிடுவா, கானாவின் கிழக்கே, பச்சை மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். தேவராஜாவுக்கு வோல்ட்டா ஆற்றின் அணைக்கட்டு அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தபோது, 1965 தையில், பவளம் அங்குள்ள பள்ளியில் சேர்ந்தாள். அவர் வார இறுதியில் பஸ் ஏறி வருவார். மற்ற நாட்களில் அவளுக்குத் துணை வகுப்புப் பிள்ளைகள்தான்.

முதல் தவணையில் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தது போலவே படிப்பித்தாள். பரப்பளவு இவ்வளவு, எல்லைகள் இவை, விளைபொருள்கள் கொக்கோ, மரம், தங்கம், மங்கனீசு. சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் தங்கள் பாடக்குறிப்புப் புத்தகத்தை ஒவ்வொரு வெள்ளியும் தலைமை ஆசிரியையிடம் வைக்க வேண்டும். அவர் வாசித்து, கையெழுத்தும் திகதியும் இட்டுத் திங்கட்கிழமை திருப்பித் தருவார். மிஸிஸ் ஒஃபொரி என்ற அந்த அம்மா பச்சை மையில் எழுதுவார். மூன்றாம் வாரம் பவளத்தின் புத்தகத்தில் இப்படி எழுதினார்: "இந்த வகுப்பில் பாதிப்பேரின் தாய்மார் சந்தையில் வியாபாரம் செய்கிறார்கள். ஏற்றுமதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை."

பவளத்துக்குச் சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போனாள்.

அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ராணி இருந்தாள். தக்காளிக்கு ஒருத்தி, துணிக்கு ஒருத்தி, காய்ந்த மீனுக்கு ஒருத்தி. லொறி வந்ததும் விலை பேசுவது, யார் எங்கே இருப்பதென்று தீர்ப்பது, சண்டை வந்தால் விலக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. யாம் என்ற பெருங்கிழங்குக்கு ராணியாக இருந்த பெண்மணி, பவளத்தை ஒரு மரக்குத்தியில் இருத்திவிட்டு, "உன் ஊரில் கிழங்குக்கு யார் ராணி?" என்று கேட்டாள்.

"எங்கள் ஊரில் மொத்த வியாபாரம் ஆண்களிடம்," என்றாள் பவளம்.

ராணி பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டு அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவர்கள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். "ஆண்களிடம் கொடுத்தால் கிழங்கு அழுகிவிடாதா?" என்றாள் ஒருத்தி. பவளமும் சிரித்தாள். அந்த வாரப் பாடம் அதுவானது: வடக்கே வெட்டிய ஒரு கிழங்கு எத்தனை கை மாறி, எத்தனை லொறி ஏறி, இந்தச் சந்தைக்கு வருகிறது? பிள்ளைகளுக்கு அவளை விடக் கூடத் தெரிந்திருந்தது. அவள் கேட்டாள், அவர்கள் சொன்னார்கள், பலகையில் வழி நீண்டது.

கொக்கோவையும் அப்படித்தான் அறிந்தாள். ஒரு காலத்தில் அந்த மலைச் சரிவெல்லாம் கொக்கோ மரங்கள். கிளை வீங்கும் நோய் வந்து மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. குடும்பங்கள் மேற்கே, புதுக் காடுகளைத் தேடிப் போய்த் தோட்டம் வைத்தன. தகப்பன்மார் அங்கே, பிள்ளைகள் படிப்புக்காக இங்கே. அறுவடை முடிந்து, விதைகளை வாழையிலையால் மூடிப் புளிக்கவைத்து, பாயில் காயவைத்து விற்ற பிறகு, மார்கழிப் புழுதிக் காற்றோடு தகப்பன்மார் பள்ளிக் கட்டணம் கொண்டு வருவார்கள். விலை நன்றாக இருந்த வருடம் தையில் வகுப்பு நிறையும். அவள் அங்கே போய்ச் சேர்ந்த வருடமே உலகச் சந்தையில் கொக்கோ விழுந்தது. இலண்டனில் விலை இறங்க, கொஃபொரிடுவாவில் அவள் வகுப்பில் கதிரைகள் காலியாயின. அதுவரை ஏற்றுமதி என்பது அவளுக்கு ஒரு பாடத் தலைப்பு. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே காலியான கதிரைகள் கண்ணில் வந்தன.

அந்த நாட்களில் வோல்ட்டா ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. கணவர் வரைபடம் கீறிய அணைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஊர்கள் தண்ணீருக்குள் போயின. எண்பதினாயிரம் பேர் எழும்பிப் புது இடங்களுக்குப் போனார்கள். வகுப்புச் சுவரில் தொங்கிய படம் அதற்கு முன் அச்சிட்டது. அதில் ஆறு ஒரு நீல நூலாக இருந்தது. கொம்ஃபோட் என்ற பிள்ளை ஒருநாள் எழுந்து வந்து படத்தின்முன் நின்றாள். தண்ணீருக்குள் போன பழைய கிரச்சி என்ற ஊர்ப் பக்கத்தவள். "மேடம், இந்தப் படத்தில் ஏரி இல்லை. புதுப் படத்தில் என் ஊர் இருக்காது. நான் எதைப் பார்த்துப் படிப்பது?" என்றாள்.

பவளம் அன்றே கடைக்குப் போனாள். ஒரு பெரிய கடதாசி வாங்கி, பழைய ஆற்றையும் அதன்மேல் புதிய ஏரியையும் கீறினாள். மூழ்கிய ஊர்களின் பெயர்களை, தெரிந்த பிள்ளைகள் தெரிந்த இடத்தில் எழுதட்டும் என்றாள். பிள்ளைகள் தாய்மாரைக் கேட்டார்கள், தாய்மார் சந்தைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வருடா வருடம் புதிதாக வந்த வகுப்பு பெயர்களைச் சேர்த்தது. அவள் அந்தப் பட்டியலைத் தன் பாடக்குறிப்பில் பிரதி செய்து வந்தாள். 1973 ஆடியில் அவள் புறப்பட்டபோது நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன.

இதற்குத்தான் வீட்டு வேலை என்று பெயர் வைத்திருந்தாள்.

வைகாசி போனது, ஆனி போனது. கொஃபொரிடுவாவிலிருந்து பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதினாள். மிஸிஸ் ஒஃபொரி ஓய்வு பெற்றிருப்பாரோ, கடிதம் அக்ராவில் ஒரு மூட்டையில் கிடக்கிறதோ, தெரியவில்லை. ஆடி நடுவில் வந்த உறையில் இலங்கை முத்திரை இருந்தது. அதைச் சச்சிதானந்தன்தான் சந்தோஷமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"உடைச்சுப் பார்."

உள்ளே அவர்களுடைய ஆனந்தராஜா மாமாவின் கடிதம். ஊரில் ஒரு பள்ளியின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் பெயர் அச்சிட்ட கடதாசியில், முத்திரையோடு, அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: திருமதி பவளம் தேவராஜா 1965 தை முதல் 1973 ஆடி வரை இப்பள்ளியில் புவியியல் கற்பித்தார், ஒழுங்கும் திறமையும் உள்ளவர்.

"பத்தே நாளில வந்திட்டுது," என்றார் சச்சிதானந்தன். "வீட்டு வேலை எண்டு போட்டது பிழையாப் போச்சு, கிளாக் தவறி அடிச்சிட்டா எண்டு சொல்லு. இதைக் குடு. அலுவல் முடிஞ்சுது."

கிளாக் என்றது சந்திரகலாவை. வாசலில் நின்ற அவள் முகம் மாறியதைப் பவளம் கண்டாள்.

"மாமாவை ஆர் கேட்டது?"

"நான்தான். நீ இருந்து இருந்து கானாக் கடிதத்தைப் பாத்துக்கொண்டிருந்தாய். அங்கயிருந்து இனி ஒண்டும் வராது, பவளம்."

"அண்ணை, முதல்ல நான் படிப்பிக்கேல்லை எண்டு எழுதினம். இப்ப அதே வருசங்கள் வேற ஊரில படிப்பிச்சனான் எண்டு எழுதச் சொல்லுறியள்."

"படிப்பிச்சது உண்மைதானே? எந்த ஊரெண்டால் என்ன?"

"பூமிசாத்திர ரீச்சரிட்ட எந்த ஊரெண்டால் என்ன எண்டு கேக்கிறியள்."

தேவராஜா சிரித்துவிட்டார். சச்சிதானந்தன் சிரிக்கவில்லை. "அப்ப பொத்தான் எண்ணிக்கொண்டிரு," என்றார். "உனக்குப் பகிடியாக் கிடக்கு. பொய் எழுதின ஆள் எண்டு உன்ர பேரையே வெட்டிப்போட்டாங்கள் எண்டால், இந்த நாட்டில நீ இனிப் பள்ளிக்கூட வாசல் மிதிக்கேலாது. அது விளங்குதோ?"

"விளங்குது," என்றாள் பவளம்.

நன்றாகவே விளங்கியது. உண்மையைச் சொல்லப் போனால் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் ஒரு வருட மறுபயிற்சியும் இல்லாமல், ஒரேயடியாகக் கதவு மூடலாம். மாமாவின் கடிதத்தை அவள் நாலாக மடித்து, உறையில் போட்டு, சச்சிதானந்தனின் சட்டைப் பையில் வைத்தாள். "மாமாவுக்கு நான் எழுதுறன், அண்ணை. கோவிக்காதேங்கோ. எட்டரை வருசம். ரெண்டாந்தரமும் அதை என்ர கையால அழிக்கேலாது."

மூன்றாவது கடிதத்துக்குச் சேவைத் திகதிகள் சரியாக வேண்டியிருந்தன. பின்னறையில் இன்னும் பிரிக்காமல் கிடந்த இரும்புப் பெட்டியைத் தேவராஜா இழுத்துக் கொடுத்தார். அடியில் பாடக்குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. தவணைக்கு ஒன்றாக இருபத்தாறு. திகதி பார்க்க முதலாவதைத் திறந்தவள், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஒவ்வொரு பாடத்தின் மேலும் திகதி, வகுப்பு, வருகை. ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் பச்சை மையில் ஒரு கையெழுத்து. அத்தாட்சி கேட்டு ஒரு கண்டத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தாட்சி கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"நீர் இதை ஏன் முதலே யோசிக்கேல்லை?" என்றார் தேவராஜா.

"இதுகளைப் பத்திரமெண்டு நான் நினைக்கேல்லை. என்ர கொப்பியள் எண்டுதான் நினைச்சனான்."

ஆவணி இரண்டாம் புதன்கிழமை அவளும் சந்திரகலாவும் நகரத்துப் பதிவு அலுவலகத்துக்கு ரயிலேறினார்கள். சந்திரகலாவை அவள் கூப்பிடவில்லை. "படிவத்தை அடிச்சது நான்தானே. நானும் வாறன்," என்று அவளாகவே வேலைக்கு லீவு போட்டிருந்தாள். ஆளுக்குப் பதின்மூன்று புத்தகம், இரண்டு பைகள். நிலையத்துப் படிகளில் பவளத்தின் பை ஒரு பக்கம் இழுக்க, அவள் கை மாற்றி மாற்றித் தூக்கி ஏறினாள். முழங்கையில் பை பட்டுச் சிவந்திருந்தது. நிற்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் பெர்க்கின்ஸ் என்ற அதிகாரி அவர்களை ஒரு மேசைக்கு முன் இருத்தினார். மெலிந்த, களைத்த மனிதர். கோப்பைத் திறந்து, வீட்டு வேலைகள் என்ற வரியைப் பேனா முனையால் தொட்டார்.

"இது சரியான தகவலா, மிஸிஸ் தேவராஜா?"

"இல்லை. பொய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. தவறு, மறதி, குழப்பம் என்று வருகிறவர்களைத்தான் பார்த்துப் பழகியிருப்பார்.

"யார் எழுதியது?"

"நான் அடித்தேன்," என்றாள் சந்திரகலா.

"நான் சொல்லித்தான் அடித்தாள். கையெழுத்து என்னுடையது," என்றாள் பவளம். "அந்த வருடங்களில் கானாவில் படிப்பித்தேன். ஆபிரிக்கா என்று எழுதினால் நீங்கள் மதிக்க மாட்டீர்கள் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். அந்த எண்ணம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. அதனால் ஒளித்தேன்."

"கானாவிலிருந்து கடிதம் ஏதும்?"

"மூன்று முறை எழுதினேன். வரவில்லை. இவை இருக்கின்றன."

இருபத்தாறு புத்தகங்களும் மேசையில் ஏறின. பெர்க்கின்ஸ் ஒன்றை இழுத்துப் புரட்டினார். பிறகு வேறொன்று. கையெழுத்துகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். 1969 கார்த்திகைப் பக்கத்தில் நின்றார்.

"இதென்ன? வருகை இருபத்தொன்பது. ஐவர் நாட்டை விட்டுப் போயினர். கலவரமா?"

"இல்லை. அனுமதிப் பத்திரமில்லாத வெளிநாட்டவர் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் நைஜீரியாவிலிருந்து வந்து, சந்தையில் கடை போட்டிருந்தவர்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். திங்கட்கிழமை வந்தபோது ஐந்து கதிரை காலி."

"நீங்களும் வெளிநாட்டவர்தானே?"

"எனக்குப் பத்திரம் இருந்தது," என்றாள் பவளம்.

அவர் அந்தப் பக்கத்தின் அடியிலிருந்த பச்சை எழுத்தை வாசித்தார். "அந்த ஐந்து பெயரையும் வருகை இடாப்பில் வெட்ட வேண்டாம். தவணை முடியும்வரை கூப்பிடுங்கள்," என்று மிஸிஸ் ஒஃபொரி எழுதியிருந்தார்.

"கூப்பிட்டீர்களா?"

"ஒவ்வொரு காலையும்."

பெர்க்கின்ஸ் புத்தகத்தை மூடினார். அவர் குரல் இளகவில்லை. கையெழுத்திட்ட பொய்க்காக விண்ணப்பத்தை முற்றாகத் தள்ளிவிட முடியும் என்றார். முடிவு தன் கையில் இல்லை, ஆசிரியர் பதிவுச் சபையின் கையில் என்றார். நடந்ததை எழுதிச் சத்தியக் கடதாசியாகக் கொடுக்கச் சொன்னார். மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு பற்றுச்சீட்டுத் தந்தார். பவளம் அங்கேயே ஒரு மூலையில் இருந்து இரண்டு பக்கம் எழுதினாள். அதில் அண்ணனின் பெயர் வரவில்லை.

திரும்பி வரும்போது மழை. "ஏன் நீ வாய் திறந்தனீ?" என்று பவளம் கேட்டாள்.

"மாசி மாசம் திறந்திருக்கோணும், அக்கா," என்றாள் சந்திரகலா.

முடிவு வர இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. அதற்குள் தலைமை ஆசிரியர் ஒருமுறை தொலைபேசியில் கேட்டார். "அடுத்த வெள்ளி வரை," என்றார். பவளம் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள். பொத்தான்கள் எட்டும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். சச்சிதானந்தன் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் காலையில் தபாற்பெட்டியை முதலில் போய்த் திறந்து பார்த்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை உறையோடு அவரே உள்ளே வந்தார். ஒரு வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு. அந்த வருடத்தில் பரிசோதகர் மூன்று முறை வகுப்புக்கு வந்து பார்ப்பார். பொய்த் தகவல் கொடுத்ததற்கான எச்சரிக்கை அவள் கோப்பில் நிரந்தரமாக இருக்கும்.

"கறையோட குடுத்திருக்கிறாங்கள்," என்றார் சச்சிதானந்தன்.

"கறை என்ரதானே, அண்ணை. இருக்கட்டும்."

அவர் கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார். பிறகு, "முதல் நாள் கார்ல கொண்டுபோய் விடுறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளியில் பதினாலு வயதுப் பிள்ளைகளின் மூன்றாம் வகுப்புக்கு அந்தத் தவணை ஒரு வெளிநாட்டைப் படிப்பிக்க வேண்டும். எந்த நாடு என்பது ஆசிரியரின் விருப்பம். பள்ளியின் பாடநூலில் கானாவுக்கு ஒரு பக்கம் இருந்தது: ஒரு கொக்கோக் காய், ஒரு அணை, மக்கள்தொகை. பவளம் சனி முழுக்க இருந்து தன் புத்தகங்களிலிருந்து பதினொரு பக்கம் எழுதினாள். கிழங்கு ஏரியைக் கடந்து சந்தைக்கு வரும் வழி, கொக்கோவைத் தேடி மேற்கே போன குடும்பங்கள், விலை பேசும் ராணிகள், தண்ணீருக்குள் போன ஊர்கள். முப்பத்துநாலு பிள்ளைகளுக்கும் பிரதி வேண்டும். ஞாயிறு காலை சந்திரகலா ஸ்டென்சில் தாளைப் பொறியில் ஏற்றிக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள்.

ஒன்பது பக்கம் அடித்தவள் பத்தாவதில் நின்றாள். அதில் வரி வரியாகப் பெயர்கள்.

"அக்கா, இது நூற்றுப் பன்னிரண்டு பேர் கிடக்கு. ரெண்டு ஸ்டென்சில் போகும். இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு வாசிக்க வராது. முதல் பத்தை அடிச்சுப்போட்டு, மிச்சம் முதலியன எண்டு போடட்டோ?"

பவளம் மற்றக் கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். "வேண்டாம், கலா," என்றாள். "எல்லாத்தையும் அடி. எழுத்து விளங்காட்டி என்னைக் கேள், நான் சொல்லுறன். ஒரு ஊரையும் விட்டிடாதை. அதுகள் இனி வேற ஒரு படத்திலயும் இல்லை."